துப்பாக்கி உரிமைக்காக வழக்காடும் அமைப்புக்குக் கொடுக்கும் பணம் நீதிமன்றம் வரை போகிறதா?

ஹூஸ்டன் புறநகரில் இருக்கும் நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்களுக்குக் கிரீன் கார்டு கிடைத்துவிட்டது. அதன் பிறகு திருமணம் ஆனதால் மனைவி இன்னும் எச்1பி விசாவில் இருக்கிறார். சென்ற ஆண்டு முதன்முதலாக ஒரு கைத்துப்பாக்கி வாங்கினீர்கள். துப்பாக்கி உரிமைக்காக நீதிமன்றத்தில் போராடும் அமைப்பு ஒன்றுக்கு மாதம் 25 டாலர் தர விரும்புகிறீர்கள். எந்த அமைப்பு நல்லது, வரிவிலக்கு உண்டா, விசா விஷயத்தில் சிக்கல் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவை எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வியைப் போகிற போக்கில் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள்: “தினமும் பத்து மின்னஞ்சல் வருகிறது, எல்லாரும் போராடுவதாகச் சொல்கிறார்கள், உண்மையில் யார் கோர்ட்டுக்குப் போகிறார்கள் என்று தெரியவில்லை.” என் பதிலில் பாதிக்கு மேல் அந்த வரிக்குத்தான்.

நான் வழக்கறிஞன் இல்லை. லாப நோக்கமற்ற அமைப்புகளின் கணக்குகளை அமெரிக்காவில் பத்தொன்பது ஆண்டுகள் தணிக்கை செய்தவன். அவற்றில் சில, வழக்குத் தொடுப்பதையே தொழிலாகக் கொண்டவை. பணம் எந்த வழியாக உள்ளே வந்து எந்த வழியாக வெளியே போகிறது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். அரசியல் சாசன வாதங்களைப் பற்றிச் சொல்வது தீர்ப்புகளை ஆர்வத்தோடு படிக்கும் ஒருவனின் பேச்சு. என்னிடம் துப்பாக்கி கிடையாது, வாங்கும் எண்ணமும் இல்லை. கொடுப்பது என்று நீங்கள் முடிவு செய்துவிட்டதால் அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. எதிர்த்தரப்பில் பிரேடி, கிஃபோர்ட்ஸ், எவ்ரிடவுன் போன்ற அமைப்புகளுக்குக் கொடுக்க நினைப்பவர்களும் இதே கண்ணோடு பார்க்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். வெளியே ஒரே பெயர்ப் பலகை தொங்கினாலும் உள்ளே பல கல்லாப்பெட்டிகள் இருக்கும். 1871-இல் தொடங்கிய தேசிய ரைஃபிள் சங்கத்தை, அதாவது என்ஆர்ஏவை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கம் வரிச் சட்டத்தில் 501(சி)(4) வகை. அதற்குக் கட்டும் சந்தாவை வருமானத்திலிருந்து கழிக்க முடியாது. அதன் பெயரிலேயே இயங்கும் அறக்கட்டளை 501(சி)(3) வகை, அதற்குக் கழிவு உண்டு. வழக்குகளுக்கு உதவுவதற்காக 1978 முதல் இருக்கும் சிவில் உரிமைப் பாதுகாப்பு நிதியும் (சி)(3). தேர்தலில் வேட்பாளர்களை ஆதரிக்கும் அரசியல் நிதிக்குழு இவை எதிலும் சேராத தனிப் பெட்டி. மின்னஞ்சலில் வரும் பொத்தான் எந்தப் பெட்டிக்குப் போகிறது என்பது பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். மற்றவையும் இப்படித்தான். கன் ஓனர்ஸ் ஆஃப் அமெரிக்கா (சி)(4), கன் ஓனர்ஸ் ஃபவுண்டேஷன் (சி)(3). ஃபயர்ஆர்ம்ஸ் பாலிசி கோயலிஷன், அதாவது எஃப்பிசி, (சி)(4). அதன் ஆக்‌ஷன் ஃபவுண்டேஷன் (சி)(3). 1974-இல் ஆலன் காட்லீப் தொடங்கிய செகண்ட் அமெண்ட்மெண்ட் ஃபவுண்டேஷன், அதாவது எஸ்ஏஎஃப், மட்டும் கொஞ்சம் மாறுபட்டது. அது (சி)(3) வகையாக இருந்துகொண்டே தானே மனுதாரராக நீதிமன்றம் ஏறுகிறது.

இதனால் (சி)(4) மட்டம் என்று எண்ண வேண்டாம். நீதிமன்றத்தில் மிகச் சுறுசுறுப்பாக இருக்கும் எஃப்பிசியே அந்த வகைதான். சட்டமன்றத்தில் ஆதரவு திரட்ட அதற்கு அதிக சுதந்திரம் உண்டு, உங்களுக்கு வரிக்கழிவு கிடையாது, அவ்வளவுதான். மேலும், மாதம் 25 என்றால் ஆண்டுக்கு 300 டாலர். 2025-ஆம் ஆண்டுக்குத் தம்பதியரின் நிலையான கழிவே, அதாவது செலவுக் கணக்கு எதுவும் காட்டாமலே கிடைக்கும் கழிவே, 31,500 டாலர் என்பதால் பெரும்பாலான குடும்பங்கள் செலவுகளைத் தனித்தனியாகக் காட்டுவதில்லை. அப்படியானால் (சி)(3)க்குக் கொடுத்தாலும் அந்த ஆண்டு வரியில் ஒரு காசு குறையாது. 2026 முதல் விதி வேறு. நிலையான கழிவை எடுப்பவர்களும் தனிநபர் 1,000, தம்பதியர் 2,000 டாலர் வரை அறக்கொடையாகக் கொடுத்த பணத்தைக் கூடுதலாகக் கழிக்கலாம். (சி)(3)க்குக் கொடுத்தால் உங்கள் 300 அதற்குள் அடங்கிவிடும்.

இனி நான் நன்றாக அறிந்த பகுதி. இத்தகைய அமைப்புகள் ஆண்டுதோறும் வருமான வரித்துறைக்குப் படிவம் 990 தாக்கல் செய்கின்றன. அது பொது ஆவணம். புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் தளத்தில் பெயரைத் தட்டினால் இலவசமாகக் கிடைக்கும். முதல் பக்கத்து மொத்தத் தொகைகளைப் பார்த்து மயங்காமல் நேராக ஒன்பதாம் பகுதிக்குப் போங்கள். அங்கே செலவுகள் வரிவரியாக இருக்கும். 11பி என்ற வரி வெளி வழக்கறிஞர்களுக்குக் கொடுத்த தொகை. 11ஈ (11e) நன்கொடை திரட்டித் தரும் தொழில்முறை நிறுவனங்களுக்குக் கொடுத்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பிறகு 26-ஆம் வரி. நன்கொடை கேட்டு அனுப்பும் கடிதத்தில் நான்கு பத்தி அரசியல் சாசனப் பாடமும் இருந்தால், அச்சுச் செலவிலும் தபால் செலவிலும் ஒரு பங்கை ‘பொதுமக்களுக்குக் கல்வி’ என்ற தலைப்பில் எழுத விதி இடம் தருகிறது. அந்தக் கூட்டுச் செலவு அங்கே தெரியும். இது திருட்டு இல்லை, சட்டப்படியான கணக்குதான். ஆனால் ‘எங்கள் செலவில் எண்பது சதவீதம் நோக்கத்துக்கே போகிறது’ என்று ஒரு கடிதம் சொன்னால், அந்தக் கடிதமே அந்த எண்பதுக்குள் இருக்கலாம். தணிக்கை அறையில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம், கொடுத்தவர்களிடம் சொன்னதில்லை.

11பி வரியிலும் ஒரு பொறி இருக்கிறது. வழக்கறிஞர் செலவு அதிகமாக இருந்தால் உரிமைக்காக அதிகம் வழக்காடுகிறார்கள் என்று எண்ணத் தோன்றும். என்ஆர்ஏ விஷயத்தில் அது தவறான முடிவு. 2020 ஆகஸ்டில் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அந்தச் சங்கத்தின் மீதே நிதி முறைகேட்டு வழக்குத் தொடர்ந்தார். 2021-இல் அது டெக்சாஸில் திவால் மனுப் போட்டது, நல்லெண்ணத்தோடு தாக்கல் செய்யப்படவில்லை என்று நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தலைமையில் இருந்த வெய்ன் லபியர் 2024 ஜனவரியில் விலகினார். அடுத்த மாதமே, அவர் சங்கப் பணத்தில் 54 லட்சம் டாலரைத் தவறாகச் செலவழித்தார் என்று ஜூரி தீர்ப்பளித்தது. ஒரு பகுதியை அவர் ஏற்கெனவே திருப்பிக் கொடுத்திருந்தார். அந்த ஆண்டுகளில் அந்தச் சங்கத்தின் வழக்கறிஞர் செலவில் பெரும்பங்கு தன்னைக் காத்துக்கொள்ளச் செலவானது. ஆகவே மூன்றாம் பகுதியில் அவர்களே எழுதியிருக்கும் வழக்குகளின் பெயர்களையும், ஏழாம் பகுதியில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் பெற்ற ஒப்பந்ததாரர்களில் முதல் ஐந்து பேரின் பெயர்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த ஐந்தில் சட்ட நிறுவனம் இருக்கிறதா, அல்லது எல்லாமே தபால் அனுப்பும் நிறுவனங்களா?

உண்டியலில் போட்ட பணம் விளக்குக்குப் போயிற்றா, தர்மகர்த்தா வீட்டுக் காப்பிக்குப் போயிற்றா என்று நாம் கேட்பதில்லை. திருப்பணிக்கு என்று ரசீது வாங்கினால் கேட்கலாம். இங்கும் அப்படித்தான். வழக்கு நிதிக்கு மட்டும் என்று எழுத்தில் குறிப்பிட்டு, அமைப்பு அதை ஏற்றுக்கொண்டால், அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து அதற்கே செலவழிக்க வேண்டும். 25 டாலருக்கு யாரும் தனிக் கடிதம் எழுத மாட்டார்கள். ஆனால் சில அமைப்புகளின் தளத்திலேயே வழக்கு நிதி என்று தனிப் பொத்தான் இருக்கும். இருந்தால் அதையே அழுத்துங்கள்.

கணக்கு இவ்வளவு பேசினாலும், என் கருத்தில் பணத்தை விடப் பெரிய விஷயம் எந்த வழக்கை, யாரை மனுதாரராக வைத்து, எப்போது தொடுப்பது என்ற தேர்வு. நீங்கள் உண்மையில் ஆதரிப்பது அந்தத் தேர்வைச் செய்பவரைத்தான். இந்தத் துறையின் தாய் வழக்கே அதற்குச் சான்று. வாஷிங்டன் நகரின் கைத்துப்பாக்கித் தடையை எதிர்த்து 2003 பிப்ரவரியில் ஆறு பேர் வழக்குத் தொடர்ந்தார்கள். அதற்கு ஏற்பாடு செய்தவர் கேட்டோ என்ற கொள்கை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் லெவி. செலவும் அவர் கைக்காசு. அவர் துப்பாக்கி வைத்திருந்தவர்கூட இல்லை. வாதாடியவர் ஆலன் குரா, உடனிருந்தவர் கிளார்க் நீலி. உறுப்பினர்களும் பணமும் குவிந்திருந்த என்ஆர்ஏ அப்போது இதை விரும்பவில்லை. உச்ச நீதிமன்றத்தில் தோற்றால் நிரந்தரமாகத் தோற்றுவிடுவோம் என்ற பயம் அதற்கு. பிறகு வேறு ஆட்களை வைத்துத் தானே ஒரு வழக்குத் தொடர்ந்து இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லிக் கேட்டது, நீதிமன்றம் மறுத்தது. அந்த வழக்கு மனுதாரர்களுக்கு வழக்காடும் தகுதி இல்லை என்ற காரணத்தால் விழுந்தது.

லெவியின் வழக்கும் நூலிழையில்தான் தப்பியது. 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆறு பேரில் ஐவருக்குத் தகுதியில்லை என்று கழித்துவிட்டது. எஞ்சியவர் டிக் ஹெல்லர். அரசுக் கட்டடம் ஒன்றில் துப்பாக்கியோடு காவல் பணி செய்தவர், வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதி இல்லாதவர். மற்றவர்கள் செய்யாத ஒன்றை அவர் செய்திருந்தார்: துப்பாக்கியைப் பதிவு செய்ய மனுப்போட்டு, நிராகரிப்பு வாங்கி வைத்திருந்தார். அந்த ஒரு நிராகரிப்புத் தாள் இல்லையென்றால் 2008 ஜூன் 26-இல் ஐந்துக்கு நான்கு என்று வந்த ஹெல்லர் தீர்ப்பு, அதாவது இரண்டாவது சட்டத்திருத்தம் தனிமனிதரின் உரிமையைக் காக்கிறது என்ற தீர்ப்பு, அன்று வந்திருக்காது. இரண்டு ஆண்டு கழித்து அந்த உரிமையை மாநிலங்களுக்கும் நகரங்களுக்கும் எதிராகச் செல்லுபடியாக்கிய மெக்டொனால்ட் வழக்கில் எஸ்ஏஎஃப், இல்லினாய் மாநில ரைஃபிள் சங்கம் ஆகியவற்றோடு முகப்பில் நின்றவர் ஓட்டிஸ் மெக்டொனால்ட். சிகாகோவில் பணி ஓய்வு பெற்ற கறுப்பினப் பெரியவர், வீட்டில் திருட்டுக்குப் பலமுறை ஆளானவர். இப்படி ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பது செலவுப் பட்டியலில் தனி வரியாக வராது.

இந்தப் பாணியைத் துப்பாக்கி அமைப்புகள் கண்டுபிடிக்கவில்லை. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்ஏஏசிபி காட்டிய வழி இது. அடுத்தவர் வழக்குக்குப் பணம் கொடுப்பது முறையா என்று நம் ஊர்க்காரர்கள் சிலர் கேட்பதுண்டு. வர்ஜீனியா மாநிலம் அதையே சொல்லித் தடுக்கப் பார்த்தது. இத்தகைய வழக்காடுதல் அரசியல் கருத்து வெளிப்பாட்டின் ஒரு வடிவம், அதற்குப் பாதுகாப்பு உண்டு என்று 1963-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே அந்த விஷயத்தில் உங்களுக்குத் தயக்கமே வேண்டாம்.

செலவு எவ்வளவு என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். ஹெல்லர் வழக்கு முடிந்த பின் குராவின் தரப்பு கேட்ட வழக்கறிஞர் கட்டணம் ஏறத்தாழ 31 லட்சம் டாலர். நீதிமன்றம் கொடுத்தது சுமார் 11 லட்சம். கொடுத்தது நகர நிர்வாகம், அதாவது அந்த நகரத்து வரிப்பணம். சிவில் உரிமை வழக்கில் வென்றவருக்குத் தோற்ற அரசு கட்டணம் தர வேண்டும் என்று 1976-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதால், நன்றாக நடக்கும் அமைப்புக்கு ஒரு வெற்றி அடுத்த வழக்குக்கு விதைநெல். இப்போது அதில் ஓட்டை விழுந்திருக்கிறது. இடைக்காலத் தடை மட்டும் வாங்கிய நிலையில் அரசு தானே சட்டத்தை விலக்கிக்கொண்டால் அது ‘வென்றதாக’ ஆகாது, கட்டணம் கிடையாது என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது துப்பாக்கி வழக்கு இல்லை, ஓட்டுநர் உரிமம் பற்றியது. ஆனாலும் துப்பாக்கி வழக்குகளுக்கும் அதே விதிதான். 2019-இல் நியூயார்க் நகரத்தின் மீதான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்த பிறகு, நகரம் விதியைத் திருத்தி வழக்கையே பொருளற்றதாக்கிய கதை ஏற்கெனவே உண்டு. எனவே வழக்குக் கட்டணத்தைத் திரும்பப் பெற்றுவிடுவோம் என்று ஓர் அமைப்பு உறுதி சொன்னால், அதைப் பாதி விலைக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

கால அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். பத்துக்கு மேல் தோட்டா கொள்ளும் மேகசினுக்குக் கலிஃபோர்னியா விதித்த தடையை எதிர்க்கும் டங்கன் வழக்கு 2017-இல் தொடங்கியது. கீழ் நீதிமன்றத்தில் வென்றது, மேலே போனது, 2022-இல் உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது, மறுபடி வென்றது, 2025 மார்ச்சில் ஒன்பதாவது சர்க்யூட் என்ற மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏழுக்கு நான்கு என்று தடையை உறுதிசெய்தது. எட்டு ஆண்டு. மேரிலாந்து மாநிலத்தின் ரைஃபிள் தடைக்கு எதிராக எஸ்ஏஎஃப், எஃப்பிசி போன்றவை நடத்திய ஸ்னோப் வழக்கை 2025 ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்கவில்லை. இவற்றைத் தோல்வி என்று சொல்லலாமா, நீண்ட பயணத்தின் நடுவழி என்று சொல்லலாமா என்பதில் அறிஞர்களே உடன்படுவதில்லை. உறுதியாகத் தெரிவது, 2022-இல், பொது இடத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்லும் உரிமை பற்றிய புரூன் வழக்கில் ஆறுக்கு மூன்று என்று கிடைத்த பெரிய வெற்றியை என்ஆர்ஏவின் நியூயார்க் கிளைச் சங்கம் கொண்டுவந்தது என்பதும், துப்பாக்கிச் சட்டங்கள் வரலாற்று மரபோடு பொருந்த வேண்டும் என்ற அதே புரூன் விதியை அடுத்து அளந்து பார்த்த 2024-ஆம் ஆண்டு ரஹீமி வழக்கை எந்த அமைப்பும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதும்தான். குடும்ப வன்முறைத் தடையாணைக்கு உட்பட்ட ஒரு குற்றவாளிக்காக அரசுச் செலவிலான வழக்கறிஞர் வாதாடிய வழக்கு அது. எட்டுக்கு ஒன்று என்று அரசு வென்றது. கோடிக்கணக்கில் பணம் இருந்தாலும் எந்த வழக்கு முதலில் மேலே போகும் என்பது அமைப்புகளின் கையில் முழுதாக இல்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று: சில சமயம் உறுப்பினராக இருப்பதற்கே நேரடிப் பயன் உண்டு. கைத்துப்பாக்கியின் பின்புறம் பொருத்தும் ‘பிரேஸ்’ என்ற தாங்கியைப் பற்றி துப்பாக்கி விதிகளைக் கவனிக்கும் மத்திய அரசின் ஏடிஎஃப் பணியகம் 2023-இல் ஒரு கட்டுப்பாட்டு விதி போட்டது. எஃப்பிசி தொடர்ந்த வழக்கில் அந்த ஆண்டு மே மாதம் ஐந்தாவது சர்க்யூட் கொடுத்த இடைக்காலப் பாதுகாப்பு, மனுதாரர்களோடு அந்த அமைப்பின் உறுப்பினர்களையும் தழுவியது. அடுத்த வீட்டுக்காரருக்குப் பொருந்தும் விதி, சந்தா கட்டியவருக்குப் பொருந்தவில்லை. நாடு முழுவதற்குமான தடை உத்தரவுகளை 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் கட்டுப்படுத்திய பிறகு இந்த வேறுபாடு இன்னும் முக்கியமாகும் என்றே நினைக்கிறேன், ஆனால் இது என் ஊகம். இதற்கு மறுபக்கமும் உண்டு. பதினெட்டு முதல் இருபது வயதினர் கைத்துப்பாக்கி வாங்குவது பற்றிய வழக்கொன்றில், பயனடையும் உறுப்பினர்கள் யார் என்று பட்டியல் தருமாறு 2025 அக்டோபரில் லூசியானா மத்திய நீதிமன்றம் கேட்டது, அமைப்புகள் கொதித்தன. நன்கொடையாளர் பட்டியலைப் பொறுத்தவரை உங்கள் பெயர் 990-இன் பொதுப் பிரதியில் வராது. பட்டியலை மொத்தமாகக் கேட்கும் மாநில விதியையும் 2021-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது.

இனி விசா. கிரீன் கார்டு உள்ள நீங்கள் துப்பாக்கி வைத்திருக்கலாம், எந்தப் பெட்டிக்கும் பணம் தரலாம், அரசியல் நிதிக்குழு உட்பட. உங்கள் மனைவியின் நிலை வேறு. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் தேர்தல் தொடர்பாக ஒரு டாலர்கூடக் கொடுக்கக்கூடாது என்பது மத்திய சட்டம். வழக்கு நடத்தும் (சி)(3) அமைப்புக்குக் கொடுப்பதற்கு அந்தத் தடை கிடையாது. ஆனால் நன்கொடைப் பக்கங்களில் ஒரு சிறு கட்டத்தை டிக் செய்தால் பணத்தில் ஒரு பகுதி அரசியல் நிதிக்குழுவுக்குப் போய்விடும். எனவே கூட்டுக் கணக்கின் கார்டு வேண்டாம், உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் கார்டிலிருந்து கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அது நன்கொடையை விட அவசரமானது. தற்காலிக விசாவில் இருப்பவர், வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். உங்கள் வீட்டுத் துப்பாக்கிப் பெட்டியின் சாவியோ கடவுச்சொல்லோ மனைவியிடம் இருந்தால், அதுவே ‘வைத்திருப்பது’ ஆகுமா என்ற கேள்வி எழும். இதை என்னிடம் கேட்காதீர்கள், இணையத்தில் யாரிடமும் கேட்காதீர்கள். குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்து இந்த வாரமே கேளுங்கள்.

அந்தக் கட்டணம் போக மீதி இருந்தால், உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்வது இது. முதல் மாதம் எதுவும் கொடுக்க மாட்டேன். மனத்தில் இருக்கும் இரண்டு மூன்று அமைப்புகளின் பெயரை, நீதிமன்ற ஆவணங்களைத் தேட உதவும் கோர்ட்லிஸ்னர் தளத்தில் தேடுவேன். எந்த வழக்குகளில் மனுதாரராக இருக்கிறார்கள், எவற்றில் வெறும் அமிகஸ் மனு போட்டிருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்ப்பேன். மற்றவர் வழக்கில் கருத்துச் சொல்லும் அமிகஸ் மனுவுக்கு ஆகும் செலவு, வழக்கை நடத்த ஆகும் செலவில் ஒரு துளி. மின்னஞ்சலிலோ இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான்: ‘நாங்கள் நீதிமன்றத்தில்’. பிறகு கடைசி மூன்று ஆண்டுகளின் 990. அதன் பின்னும் மனம் நிலைத்தால் ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக 300 டாலரை வழக்கு நிதிக்குக் கொடுப்பேன். மாதாந்தரப் பிடித்தத்துக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன், அதை நிறுத்தப் போனால் எத்தனை பக்கம் தாண்ட வேண்டியிருக்கும் என்பதைத் தணிக்கை செய்த இடங்களிலேயே பார்த்திருக்கிறேன். மின்னஞ்சலுக்குத் தனி முகவரி ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அமைப்புக்குக் கொடுத்த மறு வாரமே மற்ற எல்லாரும் உங்களைத் தேடி வருவார்கள்.